விலங்குகளுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? அறவாதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலங்குகளை அறத்தோடு நடத்த வேண்டும் என்று பேசும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்லா வாதங்களும் ஒரே வலு உள்ளவை அல்ல. எது எங்கே நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

விலங்குகள் மீது பாசம் இருந்தால் போதாதா? தத்துவம் எதற்கு?

பாசம் ஆள் பார்த்து வரும். வீட்டு நாய்க்குக் காய்ச்சல் என்றால் தூக்கம் இல்லாமல் தவிப்பவர், இருசக்கர வண்டியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கோழிகளைப் பார்த்தபடி சிக்னலில் நிற்பார். அவர் கெட்டவர் அல்லர். அவருடைய பாசம் அந்தக் கோழிவரை எட்டவில்லை, அவ்வளவுதான். பாசத்தை யாரிடமும் கேட்டு வாங்க முடியாது. நியாயத்தைக் கேட்கலாம். முன்பின் தெரியாத ஒருவரை நமக்குப் பிடிக்காவிட்டாலும் அவரை அடிக்க நமக்கு உரிமையில்லை என்று ஒத்துக்கொள்கிறோம். இந்த வாதங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதன்மையான வாதம் எது?

நான்கே படிகள்.

ஒன்று: வலி, அதை அனுபவிக்கும் உயிருக்குக் கெட்டது. ஆகவே ஒரு செயல் வலி தரும் என்பதே அதைச் செய்யாமலிருக்க ஒரு காரணம்.

இரண்டு: பல விலங்குகளுக்கு வலி தெரியும்.

மூன்று: ஒரே அளவு வலியில் ஒருவருடையதைக் கணக்கில் எடுத்து, இன்னொருவருடையதைத் தள்ளுவதென்றால், வலியோடு சம்பந்தமுள்ள ஒரு வேறுபாட்டைக் காட்டியாக வேண்டும். தோலின் நிறமோ பிறந்த சாதியோ அப்படிப்பட்ட வேறுபாடு அல்ல. எந்த உயிரினத்தில் பிறந்தோம் என்பதும் அல்ல.

நான்கு: ஆகவே விலங்கின் வலியை, அதே அளவுள்ள மனித வலியோடு சமமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜெரமி பெந்தம் 1789இல் வெளியான தம் நூலின் ஓர் அடிக்குறிப்பில் இதற்கு வித்திட்டார். அவை சிந்திக்குமா, பேசுமா என்பது கேள்வியல்ல, துன்புறுமா என்பதே கேள்வி என்றார். ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1975இல் அதை முழு வாதமாகக் கட்டினார். உயிரினத்தை மட்டும் வைத்துப் பாகுபடுத்துவதற்கு 'ஸ்பீசிசிசம்' என்ற பெயரை 1970இல் ஆக்ஸ்ஃபோர்டில் உளவியலாளர் ரிச்சர்ட் ரைடர் வைத்திருந்தார்.

இந்த வாதத்தை மறுப்பவர்கள் பெரும்பாலும் அது சொல்லாத ஒன்றையே மறுக்கிறார்கள். "அப்படியானால் மனிதனும் மாடும் ஒன்றா?" என்பார்கள். வாதம் அப்படிச் சொல்லவில்லை. சமமாக எண்ணிப் பார்ப்பது வேறு, ஒரே மாதிரி நடத்துவது வேறு. பன்றிக்கு வாக்குரிமையால் ஒரு பயனும் இல்லை. திரும்பிப் படுக்க இடம் இருந்தால் பயன் உண்டு. எது அதற்குத் தேவையோ அதைத்தான் கணக்கில் எடுக்கச் சொல்கிறோம்.

இன்னொன்று. அறிவு கூடுதல் என்பதால் மனிதனின் துன்பம் எப்போதும் பெரிது என்று எண்ணிவிடக் கூடாது. நாளை நடக்கப்போவதை நினைத்து இன்றே நடுங்குவது மனிதனுக்கு உள்ள கூடுதல் துன்பம், உண்மை. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் படுத்திருப்பவரிடம் "ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லலாம். கட்டிப்போடப்பட்ட பசுவிடம் எப்படிச் சொல்வது? அதற்கு அந்த அச்சம் முடிவில்லாதது. அறிவு வலியைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும்.

விலங்குக்கு வலிக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? அது வெறும் அனிச்சைச் செயலாக இருக்கலாமே?

நல்ல கேள்வி. விலங்குகளை எந்திரங்களைப் போலப் பார்க்கும் கருத்தை 1637இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட் எழுதி வைத்தார். அதை இன்று ஆய்வால் சோதிக்க முடியும்.

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சூடான தோசைக்கல்லில் விரல் பட்டதும் கை தானாகப் பின்வாங்குகிறது. அது தண்டுவடத்தின் வேலை. வலி உணரப்படுவது அதற்குப் பிறகுதான். ஆகவே ஒரு விலங்கு துள்ளியது, விலகியது என்பதை மட்டும் வைத்து வலி இருக்கிறது என்று சொல்லக் கூடாது. விலங்குகளுக்காகப் பேசுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். காணொளியில் துடிப்பதைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள்.

பார்க்க வேண்டியவை வேறு. காயத்தைக் கண்டறியும் நரம்பு முனைகள் இருக்கின்றனவா, அவை மூளையின் ஒருங்கிணைக்கும் பகுதிகளோடு இணைந்திருக்கின்றனவா? வலிநிவாரணி கொடுத்தால் நடத்தை மாறுகிறதா, காயம்பட்டபோது அந்த மருந்தைத் தானே தேடிப் போகிறதா? காயம்பட்ட இடத்தைக் கவனிக்கிறதா? வேறொரு நன்மை கிடைக்குமென்றால் வலியைப் பொறுத்துக்கொள்கிறதா? கடைசிக் கேள்விதான் மிகக் கூர்மையானது. அனிச்சைச் செயலுக்கு லாப நட்டம் பார்க்கத் தெரியாது.

உயிரியலாளர் லின் ஸ்னெடனின் குழு 2003இல் ட்ரவுட் மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சையோ அசிட்டிக் அமிலத்தையோ செலுத்திப் பார்த்தது. மீன்கள் இருபுறமும் ஆடின. அமிலம் பட்டவை உதட்டைக் கற்களில் தேய்த்தன. மீண்டும் இரை எடுக்க வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஆனது. மார்ஃபின் கொடுத்தபோது இந்த நடத்தைகள் குறைந்தன. கால் நொண்டும் கறிக்கோழிகளுக்குச் சாதாரணத் தீவனத்தையும், வலிநிவாரணி கலந்த தீவனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஆய்வில், நொண்டும் கோழிகள் நல்ல கோழிகளைவிட மருந்துத் தீவனத்தை அதிகம் தேர்ந்தெடுத்தன. நொண்டல் கூடக்கூட அந்த அளவும் கூடியது. காலி ஓடுகளில் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு உயிரியலாளர் ராபர்ட் எல்வுட் லேசான மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். பிடிக்காத ஓடென்றால் எளிதில் வெளியேறின. பிடித்த ஓடென்றால் தாங்கிக்கொண்டு உள்ளேயே இருந்தன.

இத்தகைய எட்டு அளவுகோல்களை வைத்து, தத்துவ அறிஞர் ஜோனதன் பர்ச் தலைமையில் லண்டன் பொருளியல் பள்ளி 2021இல் ஓர் அறிக்கை தந்தது. அதன்பின் பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் நண்டு, இறால் வகைகளும் கணவாய், எண்காலி (ஆக்டோபஸ்) வகைகளும் சேர்க்கப்பட்டன. நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்கள் என்று தொல்காப்பிய மரபியல் வகுத்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அது வலியைப் பற்றிய கூற்று அல்லதான். ஆனால் உயிர்களை அவை எதை உணர்கின்றன என்பதை வைத்து வரிசைப்படுத்தும் பார்வை நமக்குப் புதிதல்ல.

எங்கே கோடு போடுவது? பாலூட்டிகள், பறவைகள் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. மீன்களுக்குச் சான்று வலுவானது. நண்டு, இறாலுக்கு ஓரளவு வலுவானது. பூச்சிகளில் ஆய்வு தொடர்கிறது. மட்டி, சிப்பி போன்றவற்றில் ஒருங்கிணைந்த மூளை இல்லாததால் சான்று மிகக் குறைவு. சந்தேகம் உள்ள இடத்தில் செலவில்லாமல் தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தவிர்ப்பதே சரி. உயிருள்ள நண்டைக் கொதிநீரில் போடுவதற்கு முன் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து மரத்துப்போகச் செய்வது அல்லது மின்முறையில் உணர்விழக்கச் செய்வது பெரிய வேலையல்ல. பனிக்கட்டியைவிட மின்முறைதான் நல்லது. குளிரில் நண்டு அசைவற்றுப்போவதும் உணர்விழப்பதும் ஒன்றல்ல.

செடிக்கும் உயிர் இருக்கிறதே? கீரையைப் பறிப்பது கொலையில்லையா?

செடிக்கு உயிர் உண்டு. அடிபட்டால் மின்குறிப்புகளும் வேதிக்குறிப்புகளும் அதனுள் பாய்கின்றன. ஆனால் அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து "இது எனக்கு நடக்கிறது" என்று அனுபவிக்கும் உறுப்பு ஏதும் இருப்பதற்குச் சான்றில்லை. வாதம் உயிரைப் பற்றியது அல்ல, உணர்வைப் பற்றியது.

ஒருவேளை செடிக்கும் வலிக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முடிவு மாறாது. கறிக்கோழி ஒரு கிலோ எடை கூட ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீவனம் தின்கிறது. அதிலும் எலும்பு, இறகு, குடல் போக மீதிதான் கறி. ஆகவே கறி உண்பவர் அந்தக் கோழியோடு கூடுதலான செடிகளுக்கும் காரணமாகிறார். தாவரங்களுக்கும் உயிர் உண்டு என்பதைச் சமணர்கள் முழுமையாக ஏற்றார்கள். அதனால் எல்லாம் ஒன்றுதான் என்று கைவிடவில்லை. ஓரறிவு உயிரிலிருந்து ஐந்தறிவு உயிர்வரை தீங்கைத் தரம் பிரித்து, குறைந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பகுத்தறிவும் மொழியும் மனிதனுக்கு மட்டும்தானே? அதுவே போதுமான வேறுபாடு இல்லையா?

போதாது. அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எந்தத் திறமையை அளவுகோலாக வைத்தாலும், அது இல்லாத மனிதர்களும் இருப்பார்கள். பகுத்தறிவு என்றால் கைக்குழந்தைக்கு அது இன்னும் வரவில்லை. ஆனால் கைக்குழந்தையைத் துன்புறுத்தலாம் என்று யாரும் சொல்லமாட்டோம். ஆகவே துன்புறுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் பகுத்தறிவு அல்ல. கிரேக்கத் தத்துவ அறிஞர் போர்ஃபிரி மூன்றாம் நூற்றாண்டிலேயே இதுபோன்ற வாதத்தை வைத்தார்.

"குழந்தை வளர்ந்து பகுத்தறியும்" என்பது வழக்கமான மறுமொழி. வளராமலே இறந்துவிடும் என்று தெரிந்த குழந்தைக்கும் அதே பாதுகாப்பைத்தானே தருகிறோம்? "அது பகுத்தறியும் இனத்தைச் சேர்ந்தது" என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் கார்ல் கோயன் வாதிட்டார். ஒருவரை அவருடைய தன்மையை வைத்து நடத்த வேண்டுமா, அவர் இனத்தில் மற்றவர்களுக்கு உள்ள தன்மையை வைத்தா என்ற கேள்வி அங்கே எழுகிறது. மற்ற எல்லா இடங்களிலும் முதலாவதைத்தான் நியாயம் என்கிறோம்.

இந்த வாதத்தைப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. பல நூல்கள் அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை எடுத்துக்காட்டாக வைக்கின்றன. ஈவா கிட்டே போன்ற தத்துவ அறிஞர்கள் இதைக் கடுமையாக எதிர்த்திருக்கிறார்கள், அந்தக் கோபம் நியாயமானது. விலங்கை உயர்த்துவதற்காக எந்த மனிதரையும் ஒப்பீட்டுப் பொருளாக ஆக்கத் தேவையில்லை. கைக்குழந்தை எடுத்துக்காட்டே வாதத்துக்குப் போதும்.

உரிமை என்றால் கடமையும் வேண்டும். கடமை தெரியாத விலங்குக்கு உரிமை எப்படி வரும்?

இதுதான் ஒப்பந்தவாதிகளின் நிலை. அறம் என்பது நமக்குள் செய்துகொண்ட உடன்பாடு, உடன்பட முடியாதவை அதற்கு வெளியே என்கிறது அது. தத்துவ அறிஞர் பீட்டர் கரத்தர்ஸ் 1992இல் இதை விரிவாக எழுதினார். ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட்டின் நிலையும் இதற்கு அருகில் இருப்பது: விலங்கிடம் கொடூரமாக நடப்பவன் மனிதரிடமும் கொடூரனாவான், அதனால் தன் குணத்தைக் காக்க அவன் கொடுமையைத் தவிர்க்க வேண்டும். நாயைச் சித்திரவதை செய்யும் சிறுவன் கடைசியில் கொலைகாரனாவதைக் காட்டி ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1751இல் வரைந்த படங்களை காண்ட் தம் வகுப்பில் எடுத்துக்காட்டினார்.

இதில் உள்ள ஓட்டை பெரியது. கொடுமையால் கல்லை உடைப்பவன் கொலைகாரன் ஆவதில்லை. நாயை அடிப்பவன் மட்டும் ஏன் ஆவான்? நாயின் வலியும் மனித வலியும் ஒரே வகை என்பதால்தான். அப்படியானால் அந்த வலி நேரடியாகவே கணக்குக்கு வர வேண்டியது. குணத்தைச் சுற்றி வளைத்து வர வேண்டியதில்லை. காண்ட்டின் வழியிலேயே நின்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் கிறிஸ்டின் கோர்ஸ்கார்ட் 2018இல் இதைச் சரிசெய்தார். நம் நன்மை நமக்கு முக்கியம் என்று நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் நமக்குப் பகுத்தறிவு இருப்பது அல்ல, வாழ்வு நன்றாகவோ மோசமாகவோ போவதை உணரும் உயிராக இருப்பது. அது விலங்குக்கும் பொருந்தும் என்கிறார். கடமை அறியாத குழந்தைக்கும் உரிமை உண்டு என்பதை வைத்தே பாதி விடை வந்துவிடுகிறது.

சிங்கர், ரீகன் என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. என்ன வேறுபாடு?

நடைமுறையில் பெரிய வேறுபாடு. சிங்கர் விளைவுகளைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பவர். ஒரு செயலால் மொத்தத் துன்பம் குறைகிறதா என்பதே அவர் கேள்வி. அமெரிக்கரான டாம் ரீகன் 1983இல் வேறு வழி எடுத்தார். நினைவு, விருப்பம், எதிர்பார்ப்பு, தன் வாழ்வு தனக்கு எப்படிப் போகிறது என்ற உணர்வு உள்ள ஒவ்வொரு விலங்குக்கும் தனக்கென ஒரு மதிப்பு உண்டு. அதை மற்றவர்களின் நன்மைக்கான கருவியாக்கக் கூடாது என்றார்.

ஒரே குரங்கின் மீது செய்யும் ஒரு சோதனை ஆயிரம் பேரைக் காப்பாற்றும் என்று உறுதியாகத் தெரிந்தால்? சிங்கரின் கணக்கு அதை அனுமதிக்கக்கூடும். ஆனால் அதே அளவு மனத்திறன் உள்ள ஒரு மனிதர் மீதும் அதைச் செய்வீர்களா என்று உடனே கேட்பார். ரீகன் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

ரீகனுக்கும் ஒரு முட்டுச்சந்து உண்டு. மூழ்கும் படகில் நான்கு மனிதரும் ஒரு நாயும். ஒருவர் போனால்தான் மற்றவர் பிழைப்பர். நாயைத்தான் விட வேண்டும், பத்து லட்சம் நாய்கள் என்றாலும் அப்படியே என்றார், மரணத்தால் மனிதர் இழப்பது அதிகம் என்பதால். "எல்லாருக்கும் சம மதிப்பு என்று சொல்லிவிட்டு இதென்ன?" என்று பலர் கேட்டார்கள். படகில் அந்த நாயை யாரும் கருவியாக ஏற்றவில்லை, ஆய்வகத்தில் ஏற்றுகிறார்கள் என்பது அவருடைய பதில். பாதி நிறைவான பதில்தான்.

எங்கள் கருத்து: பண்ணைகளைப் பற்றிப் பேச சிங்கரின் வாதமே போதும். அங்கே துன்பத்தின் அளவு அவ்வளவு பெரிது, ஈடான நன்மை அவ்வளவு சிறிது. ஆய்வகங்களைப் பற்றிப் பேசும்போதுதான் ரீகனைப் போன்ற ஒரு தடைக்கல் தேவைப்படுகிறது.

வலியே இல்லாமல் கொன்றால் தவறில்லையே?

வலியை மட்டும் பார்த்தால் தவறில்லை என்றே வரும். ஆனால் மரணம் கெட்டதாவது வலியால் மட்டுமல்ல. வாழ்ந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியவை பறிபோவதாலும்தான். கறிக்கோழி ஆறு வாரத்தில் வெட்டப்படுகிறது. அதே பறவை பல ஆண்டுகள் வாழக்கூடியது.

கொல்லுவது தவறா என்பதில் தத்துவ அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. அதைத் தீர்த்த பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. "வலியில்லாமல்" என்பது நடைமுறையில் எங்கே உடைகிறது என்று பார்த்தாலே போதும்: தண்ணீரின்றி நெடுந்தூர லாரிப் பயணம், தூக்கிப் பிடிக்கும்போது முறியும் இறக்கைகள், மற்ற விலங்குகளின் கண்ணெதிரே அறுப்பது. இந்தியாவின் 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள் மற்ற விலங்குகள் பார்க்க அறுக்கக் கூடாது என்கின்றன. சினை விலங்கையும், மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டியையும், அத்தகைய குட்டியுடைய தாயையும் அறுக்கத் தடை விதிக்கின்றன. தெருவோரக் கறிக்கடையில் கூண்டுக்கும் வெட்டுக்கட்டைக்கும் இடையே எத்தனை அடி இருக்கிறது என்று பார்த்தால் விதி எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சிங்கம் மானைக் கொல்கிறதே?

சிங்கத்துக்கு வேறு உணவு இல்லை, செய்வது சரியா என்று எடைபோடும் திறனும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. வேறு எந்த விஷயத்திலும் சிங்கத்தைப் பார்த்து நாம் நடந்துகொள்வதில்லை.

நான் ஒருவர் வாங்காவிட்டால் ஒரு கோழியாவது பிழைக்குமா?

இது தத்துவத்தில் இன்றும் சூடாகப் பேசப்படும் கேள்வி. விடையின் முதல் பாதியைத் திருக்குறள் 256 சொல்லிவிட்டது:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.

தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை. "நான் கொல்லவில்லை, கடையில் வாங்குகிறேன்" என்பதை இந்தக் குறள் ஏற்பதில்லை. ஆனால் வள்ளுவர் சொல்வது உலகம் முழுவதையும் பற்றி. ஒரே ஆளின் நிலை?

கடைக்காரர் நூறு கோழிகள் கொண்ட தொகுதியாகத்தான் வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒன்று வாங்காமல் விட்டால் பெரும்பாலும் எதுவும் மாறாது. ஆனால் நூற்றில் ஒரு முறை, உங்கள் ஒன்றால்தான் ஒரு தொகுதி முழுதும் குறையும். நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு, நூறு கோழி விளைவு. சராசரி ஒரு கோழி. ஆகவே எதிர்பார்க்கத்தக்க விளைவு பூச்சியம் அல்ல.

மார்க் புடால்ஃப்சன் போன்ற தத்துவ அறிஞர்கள் இதை மறுக்கிறார்கள். நீண்ட விநியோகச் சங்கிலியில் வீணாவதும் இருப்பு வைப்பதும் சிறு மாற்றங்களை விழுங்கிவிடும். அந்த ஒரு முறை நூற்றில் ஒன்றைவிட மிக அரிதாக இருக்கலாம் என்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் உறைந்த இறைச்சிக்கு இந்த மறுப்பு ஓரளவு பொருந்தும். அன்றன்றைக்கு உயிர்க்கோழி வரவழைக்கும் தெருமுனைக் கடைக்குப் பொருந்தாது, அங்கே சங்கிலி மிகக் குறுகியது. விடுதி, கல்யாண மண்டபம், கல்லூரி உணவுக்கூடம் ஆகியவற்றின் கொள்முதல் மாறினால் விளைவு நேரடியானது.

கறியை விட்டுவிட்டேன். பால், முட்டை பரவாயில்லையா?

கறியை விட்டால் முடிந்தது என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. கணக்கு வேறு.

கூண்டு முட்டையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு முட்டைக்கோழி விதிகள் கூண்டில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் தரச் சொல்கின்றன. ஏ4 தாளின் பரப்பு ஏறக்குறைய 624. விதியை முழுதும் கடைப்பிடித்தாலும் ஒரு கோழியின் இடம் ஒரு தாளைவிடச் சிறிது. ஐரோப்பிய ஒன்றியம் வெறுங்கூண்டுகளை 2012 ஜனவரி 1 முதல் தடைசெய்து, முட்டையிடும் மறைவிடமும் உட்காரும் கம்பும் உள்ள, கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் தரும் கூண்டுகளை மட்டும் அனுமதித்தது. கோழிக்கு முட்டையிடும் முன் ஒதுங்கி மறைய வேண்டும், மண்ணில் புரள வேண்டும், இரவில் உயரத்தில் ஏறி உட்கார வேண்டும். இவை ஆசைகள் அல்ல, உள்ளிருந்து உந்தும் நடத்தைகள். வெறுங்கூண்டில் மூன்றும் முடியாது. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளின் கூண்டு வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திக்கொள்வதால் அலகு நுனியைக் குஞ்சிலேயே வெட்டுகிறார்கள். நெருக்கத்தைக் குறைப்பதற்குப் பதிலாக அலகைக் குறைக்கிறோம்.

முட்டையிடும் இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் லாபமில்லை. அதனால் பிறந்த நாளிலேயே கொல்லப்படுகிறது. ஜெர்மனி இதை 2022 முதல் தடைசெய்தது. முட்டைக்குள்ளேயே பாலினத்தைக் கண்டறியும் தொழில்நுட்பம் அதற்கு உதவுகிறது. பாலிலும் இதே சிக்கல்தான்: கன்று ஈன்றால்தான் பால், ஈனும் கன்றுகளில் பாதி ஆண். டிராக்டர் வந்தபின் உழவுக்குத் தேவைப்படாத அந்தக் காளைக்கன்றுகள் எங்கே போகின்றன என்று பால் குடிப்பவர் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. மாட்டிறைச்சியை விட்டுக் கோழிக்கு மாறுவதை நல்ல முதல் படி என்பார்கள். ஒரு மாட்டின் இறைச்சிக்கு ஈடாக நூற்றுக்கும் மேற்பட்ட கறிக்கோழிகள் தேவை. துன்பப்படும் உயிர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் இது பின்னோக்கிய படி. குறைக்க நினைப்பவர் முதலில் விட வேண்டியவை கறிக்கோழியும் கூண்டு முட்டையும்தான்.

இது எங்கள் மரபு. கிடாவெட்டும் ஜல்லிக்கட்டும் தவறு என்று சொல்ல நீங்கள் யார்?

பழக்கம் என்பது ஒன்று ஏன் நடக்கிறது என்பதை விளக்கும். அது சரியா என்பதைச் சொல்லாது. மரபுக்குள்ளேயே எதிர்க்குரலும் உண்டு. வேள்வி ஆயிரம் செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்கிறது குறள் 259. மணிமேகலையில் வேள்விப் பசுவை அவிழ்த்துக் காப்பாற்றியதற்காக ஆபுத்திரன் துரத்தப்படுகிறான்.

ஆனால் கேட்பவரின் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. நம் நாட்டில் உணவு சாதியின் அடையாளமாக இருந்திருக்கிறது. மாட்டிறைச்சி உண்பவர் என்பதற்காக வீடு மறுக்கப்பட்டிருக்கிறது, அடி விழுந்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பலித்தடைச் சட்டத்தை 2003இல் தமிழ்நாட்டு அரசு திடீரென நடைமுறைப்படுத்தியபோது அடிபட்டவை சிறு தெய்வக் கோயில்கள். 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. பெரும் பண்ணைகளை விட்டுவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டும் கிடாவை மட்டும் பிடித்துக்கொள்ளும் அறம், விலங்குகளைப் பற்றிய அறம் அல்ல. வலிதான் அளவுகோல் என்றால் அதை எல்லாரிடமும் ஒரே மாதிரி வைக்க வேண்டும்: நெய் ஊற்றிச் சாப்பிடுபவரின் தட்டிலும்.

ஜல்லிக்கட்டில் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது, விலங்கு நலத்தின் 'ஐந்து சுதந்திரங்கள்' (பசி, அசௌகரியம், வலி, அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுதலை, இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரம்) என்ற அளவுகோலையும், உயிர்களிடம் இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் கடமையாக்கும் அரசியல் சாசனத்தின் 51ஏ(ஜி) பிரிவையும் அடிப்படையாக எடுத்தது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்லவும் மறுத்தது. ஆகவே இன்று சட்டத்தின் கேள்வி விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்பதுதான்: வாலை முறுக்குவது, கண்ணில் எரிச்சலூட்டும் பொருள் தடவுவது, கூர்முனையால் குத்துவது. இவற்றை மரபு என்று மாடு வளர்ப்பவர்களே சொல்வதில்லை.

மருந்து ஆய்வுக்கு விலங்கு வேண்டாமா?

ஆங்கில அறிவியலாளர்கள் வில்லியம் ரசலும் ரெக்ஸ் பர்ச்சும் 1959இல் மூன்று விதிகள் வகுத்தார்கள்: மாற்று வழி இருந்தால் விலங்கை விடு, எண்ணிக்கையைக் குறை, வலியைத் தணி. இவை காகிதத்தில் நின்றுவிடவில்லை. ஊசிமருந்தில் காய்ச்சலூட்டும் நச்சு இருக்கிறதா என்று அறிய முயலுக்குச் செலுத்தி உடல்வெப்பம் பார்த்தார்கள். பின்னர் குதிரைலாட நண்டின் இரத்தத்தைக் கொண்டு சோதனைக்குழாயிலேயே பார்க்க முடிந்தது. இப்போது அந்த இரத்தத்தில் இதற்கு உதவும் புரதத்தையே செயற்கையாக உருவாக்கி, நண்டும் தேவைப்படாமல் செய்யலாம். விலங்குகளில் பாதி சாகும் அளவுக்கு நஞ்சு கொடுக்கும் பழைய சோதனை முறையை 2002இல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) தன் சோதனை முறைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. அழகுப்பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதை இந்தியா 2014இல் தடைசெய்தது. எஞ்சிய சோதனைகளில் கேட்க வேண்டிய கேள்வி: இதிலிருந்து கிடைக்கும் அறிவு மனிதருக்குப் பொருந்தும் என்பதற்கு என்ன உறுதி? அதற்குப் பதில் இல்லாத சோதனையை எந்தக் கோட்பாடும் நியாயப்படுத்தாது.

தெருநாய் விஷயத்தில் எந்தப் பக்கம் நிற்பது?

சமமாக எண்ணிப் பார்ப்பது என்றால் கடிபடும் குழந்தையின் வலியும் கணக்கில் வர வேண்டும். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகச் சாவுதான். "நாய்களை விட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொல்வது அறமாகாது.

கொல்வதும் பயன் தராது. ஒரு தெருவின் நாய்களை அகற்றினால் அங்கே குப்பையும் தீனியும் இருக்கும்வரை பக்கத்துத் தெரு நாய்கள் வரும், அவை தடுப்பூசி போடாதவையாக இருக்கலாம். நாய்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டு, அந்த அளவைத் தொடர்ந்து காத்தால் நோய்ச்சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தடுப்பூசி, கருத்தடைத் திட்டம் தோற்பது எங்கே என்றால், ஓராண்டு செய்து அடுத்த ஆண்டு விடும்போது. ஆண் நாய்களுக்கு மட்டும் கருத்தடை செய்யும்போது. பிடித்த நாயை வேறு இடத்தில் கொண்டுபோய் விடும்போது. உணவிடுபவர்கள் தடுப்பூசிக்கும் பொறுப்பேற்க வேண்டும், பள்ளி வாசலையும் விளையாட்டிடத்தையும் விட்டுத் தள்ளி உணவிட வேண்டும்.

நம் சட்டம் இந்த வாதங்களில் எதை ஏற்கிறது?

பெரும்பாலும் நலத்தை ஏற்கிறது, உரிமையை ஏற்கவில்லை. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் "தேவையற்ற" வலியைத்தான் தடுக்கிறது. எது தேவை என்பதை மனிதப் பயனே தீர்மானிக்கிறது. கொம்பு நீக்குதல், காயடித்தல் ஆகியவற்றுக்கு அதன் 11(3) பிரிவிலேயே விலக்கு உண்டு. மதச் சடங்குக்காகக் கொல்வதற்கு 28ஆம் பிரிவில் விலக்கு உண்டு.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கேரி ஃபிரான்சியோன் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: விலங்கு சொத்தாக இருக்கும்வரை, சொத்தின் உரிமையாளரின் நலனே எப்போதும் வெல்லும். நம் சட்டத்தில் இது கண்கூடு. நாயை நஞ்சு வைத்துக் கொன்றால் ஐந்தாண்டு வரை சிறை தரக்கூடிய பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 325ஆம் பிரிவு, சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களின் வரிசையில் வருகிறது. விலங்கின் வலியை நேரடியாகக் கருதும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவிலோ, முதல் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான்.

ஆகவே புகார் கொடுக்கும்போது, கொலை, நஞ்சிடல், ஊனமாக்கல் நடந்திருந்தால் 11ஆம் பிரிவோடு நிறுத்தாமல் 325ஐயும் சேர்த்து எழுதித் தர வேண்டும். இடம், நேரம், வண்டி எண், விலங்குகளின் எண்ணிக்கை, படம் ஆகியவற்றோடு எழுத்தில் கொடுத்து, பதிவு எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இறந்த விலங்கைப் புதைப்பதற்கு முன் அரசு கால்நடை மருத்துவரின் உடற்கூராய்வைக் கேளுங்கள். நஞ்சிட்ட வழக்குகள் பெரும்பாலும் அந்தச் சான்று இல்லாமல்தான் விழுகின்றன.